கல்லூரி மாறும் முன் கொஞ்ச நாள் நிற்கலாமா?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி ராத்திரி, அக்கா மகன் போன் செய்தான். அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். "சித்தி, எனக்கு இந்தக் காலேஜ் ஒத்துவரலை. வேற இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு செமஸ்டராவது சும்மா இருக்கணும். அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

அக்காவிடம் சொல்வது பெரிய காரியமாக இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் "சரி, என்ன செய்யணும்னு பாரு" என்றாள். அந்த "என்ன செய்யணும்" என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அடுத்த சில வாரங்கள் அவன் கல்லூரியின் விதிப்புத்தகம், கடன் விதிகள், மாநிலப் பல்கலைக்கழகங்களின் டிரான்ஸ்ஃபர் பக்கங்கள் என்று படித்துத் தள்ளினேன். அப்போது சேர்ந்தது இது. அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிந்தது. "பிரேக்" என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதைக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகம் அப்படிப் பார்ப்பதில்லை. அவர்கள் பதிவேட்டில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் மாணவர், அல்லது விடுப்பில் இருக்கும் மாணவர், அல்லது விலகிய மாணவர். கடன் கொடுத்தவரும் விசா அலுவலகமும் அடுத்த கல்லூரியும் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். வீட்டில் படுத்துத் தூங்கினீர்களா, வேலைக்குப் போனீர்களா என்பதெல்லாம் அப்புறம்தான். ஆகவே வழிகளை ஒப்பிடும்போது "நிற்கலாமா, வேண்டாமா" என்று கேட்பதைவிட, நிற்கும் நாட்களில் உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் எப்படி இருக்கும் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நிற்காமல் படித்துக்கொண்டே மாறுவது

பெற்றோர் எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். "இருக்கிற இடத்திலேயே இன்னும் ஒரு செமஸ்டர் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, அப்ளை பண்ணு, கிடைச்சதும் போ." இதில் நியாயம் இருக்கிறது. உதவித்தொகை நிற்காது, கடன் திருப்பிக் கட்டும் கடிகாரம் ஓடாது, விசாவில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வராது. பரிந்துரைக் கடிதம் கேட்கப் பேராசிரியர் பக்கத்திலேயே இருப்பார். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பங்கள் பல இடங்களில் ஆகஸ்ட் சேர்க்கைக்கு மட்டும்தான் திறக்கின்றன. கடைசித் தேதி அதற்கு முந்தைய பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். வசந்த செமஸ்டரில் படித்துக்கொண்டே விண்ணப்பித்தால் இடைவெளியே இல்லாமல் மாறிவிடலாம்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களின் அளவை எண்ணும் அலகு). புதிய கல்லூரி அதில் கடைசி 30 கிரெடிட்டையாவது தன்னிடமே படிக்கச் சொல்லும், சில இடங்களில் 60 வரைகூட. பழைய இடத்தில் நீங்கள் சேர்த்துக்கொண்டே போகும் கிரெடிட் எல்லாம் அங்கே ஏறாது. ஏறினாலும் "எலெக்டிவ்" என்ற மூட்டையில் போய் விழும். பட்டத்துக்குத் தேவையான பாடமாக நிற்காது. முழுக் கட்டணம் கட்டிப் படித்த பாடம் அப்படிப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இன்னும் மோசம், கிரெடிட் கூடிப்போனதாலேயே கதவு மூடும் இடங்கள் உண்டு. ஹார்வர்ட் ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி முடித்தவர்களை டிரான்ஸ்ஃபரில் எடுப்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் நுழைபவர்களையே எதிர்பார்க்கின்றன; 60 செமஸ்டர் யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே வழங்கும் பெயர்) வேண்டும், ஆனால் நான்காண்டுக் கல்லூரியிலிருந்து அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொண்டு வந்தால் அதுவே இடைஞ்சலாகிவிடும். இரண்டாம் ஆண்டின் முடிவில் நிற்கும் பிள்ளை "சும்மா இருப்பதற்கு ஒரு செமஸ்டர் படிக்கலாமே" என்று யோசித்தால், அந்த ஒரு செமஸ்டர் அவனை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும். ஆகவே "படித்துக்கொண்டே இருப்பது எப்போதும் பாதுகாப்பு" என்ற எண்ணத்தை நான் முழுசாக ஏற்பதில்லை.

இருந்துதான் ஆக வேண்டும் என்றால், எங்கே போனாலும் செல்லுபடியாகும் பாடங்களை எடுங்கள்: கால்குலஸ், ஆய்வகத்தோடு கூடிய இயற்பியல் அல்லது வேதியியல், எழுத்துப்பயிற்சி, புள்ளியியல். அந்தக் கல்லூரிக்கே உரிய விசித்திரப் பெயர் கொண்ட கருத்தரங்குப் பாடத்தை, எவ்வளவு ருசியாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

விடுப்பு எடுத்து நிற்பது

லீவ் ஆஃப் ஆப்சென்ஸ். ஒரு செமஸ்டரோ இரண்டோ, கல்லூரியின் அனுமதியோடு. திரும்பி வர வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பம் போட வேண்டாம், ஒரு படிவம் போதும். டிரான்ஸ்ஃபர் கிடைக்காவிட்டால் பழைய இடம் அப்படியே இருக்கிறது. எல்லா வழிகளிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. அதனால்தான் இதில் உள்ள கண்ணிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கண்ணி, கல்லூரி தரும் விடுப்பும் அரசாங்கம் ஒத்துக்கொள்ளும் விடுப்பும் ஒன்றல்ல. அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகை விதிப்படி, 12 மாத காலத்தில் 180 நாளுக்கு மேல் போகும் விடுப்பு விடுப்பே அல்ல. நீங்கள் விலகிவிட்டதாகத்தான் கணக்கு. உங்கள் கல்லூரி அன்பாக "ஒரு வருஷம் எடுத்துக்கோ, உன் இடம் உனக்குத்தான்" என்று கடிதம் கொடுக்கலாம். அதே கல்லூரி கடன் கொடுத்தவருக்கு "இவர் விலகிவிட்டார்" என்று தகவல் அனுப்பும். இரண்டும் உண்மைதான், இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

மத்திய அரசின் நேரடிக் கடன் வாங்கியவர்களுக்கு, பாதிநேரப் படிப்புக்குக் கீழே இறங்கியதும் ஆறு மாதச் சலுகைக் காலம் தொடங்கும். அது முடிந்ததும் தவணை கட்ட வேண்டும். இங்கே எல்லோரும் ஒரு கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். நானும் போட்டேன். "செப்டம்பரில் வகுப்புக்குப் போகப் போவதில்லை, ஆகவே செப்டம்பரிலிருந்து ஆறு மாதம்" என்று நினைத்தேன். இல்லை. கடிகாரம் ஓடத் தொடங்குவது கடைசியாகப் படித்த நாளிலிருந்து. மே நடுவில் செமஸ்டர் முடிந்து, ஆகஸ்டில் திரும்பாவிட்டால், கணக்கு மே மாதத்திலிருந்தே போடப்படும். நவம்பர் நடுவில் சலுகை முடிந்துவிடும். ஜனவரியில்தான் திரும்புகிறீர்கள் என்றால், ஒரு செமஸ்டர் என்று நினைத்த இடைவெளி எட்டு மாதம். டிசம்பரில் நிறுத்தி ஆகஸ்டில் சேர்பவருக்கும் இதே எட்டு மாதம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் "ஒரு செமஸ்டர்" ஆறு மாதத்தைத் தாண்டுகிறது.

தாண்டினால் என்ன? தவணை தொடங்கும். புதிய கல்லூரியில் பாதிநேரமாவது சேர்ந்ததும் தவணை மறுபடி நிற்கும், அதில் பயமில்லை. ஆனால் அந்தக் கடன்களுக்கு ஆறு மாதச் சலுகை ஒரு தடவைதான். பட்டம் வாங்கி வேலை தேடும் நாளில், உண்மையில் அது தேவைப்படும்போது, இருக்காது. ஆறு மாதம் முடிவதற்குள் பாதிநேரப் படிப்புக்குத் திரும்பினால் மட்டும் முழுச் சலுகையும் திரும்பக் கிடைக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு: கோடைகாலம். மே மாதம் செமஸ்டர் முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த, இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) பாதிநேர அளவுக்கு, அதாவது பெரும்பாலும் ஆறு கிரெடிட், இரண்டு பாடம் எடுத்தால் கடிகாரம் ஆகஸ்ட் தொடக்கத்துக்கு நகர்ந்துவிடும். அங்கிருந்து ஜனவரி வரை ஐந்து மாதச் சில்லறை. சலுகை தப்பியது. கடன் ஆயிரக்கணக்கில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது கண்ணி, விடுப்பில் இருக்கும்போது வேறு கல்லூரியில் பாடம் எடுக்கக் கூடாது என்று சில இடங்களில் நிபந்தனை உண்டு. எடுத்தால் விடுப்பு ரத்து, அல்லது அந்தக் கிரெடிட்டை ஏற்க மாட்டார்கள். விடுப்புப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். மூன்றாவது, கல்லூரியே தரும் உதவித்தொகை. "தொடர்ச்சியாக முழுநேரம் படிக்க வேண்டும்" என்று பல உதவித்தொகைகளில் ஒரு வரி இருக்கும். விடுப்பு அந்தத் தொடர்ச்சியை உடைக்குமா இல்லையா என்பதை வாய்மொழியாகக் கேட்டு வராதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரேயடியாக விலகுவது

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவது. மனசுக்கு இதம். திரும்ப மாட்டேன் என்பது உறுதி, அல்லது அந்தக் கட்டணத்தை இன்னொரு தடவை கட்ட முடியாது என்றால் இதில் தப்பில்லை. ஆனால் எப்போது விலகுகிறீர்கள் என்பது மிக முக்கியம்.

செமஸ்டர் முடிந்தபின் விலகினால் தழும்பு இல்லை. நடுவில் விலகினால் இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடும். ஒன்று, கல்லூரி கட்டணத்தைத் திருப்பித் தரும் அட்டவணை. முதல் சில வாரங்களுக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றும் வராது. மற்றொன்று, மத்திய அரசின் உதவிப் பணம். செமஸ்டரின் 60 விழுக்காடு நாள் முடிவதற்குள் விலகினால், இருந்த நாட்களுக்கு ஏற்ற பங்குதான் உங்களுடையது. மீதி திரும்பிப் போகும். அது போனபின் கல்லூரிக்கு நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடலாம். 60 விழுக்காட்டைத் தாண்டியபின் விலகினால் முழுப் பணமும் உங்கள் கணக்கில் நிற்கும். ஒரு வாரம் முன்னே பின்னே ஆவதில் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் வரலாம். அழுதுகொண்டே வெளியேறும் பிள்ளைக்கு நாட்காட்டி பார்க்கச் சொல்வது கல்நெஞ்சாகத் தெரியும். ஆனாலும் வீட்டில் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும்.

பாடத்தைப் பாதியில் விட்டதற்காக மதிப்பெண் பட்டியலில் விழும் 'டபிள்யூ' பற்றி அநாவசியமாகப் பயப்படுகிறார்கள். அது ஜிபிஏவை, அதாவது 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியை, தொடாது. ஒரு செமஸ்டர் முழுக்க டபிள்யூ இருந்தால் ஒரு பத்தி விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான். மூன்று 'எஃப்' இருந்தால் விளக்கத்தால் சரிக்கட்ட முடியாது. ஆனால் உதவித்தொகைக் கணக்கில் டபிள்யூவும் முயன்ற கிரெடிட்டாகவே எண்ணப்படும்; பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் 150 விழுக்காடு வரைதான் முயலலாம் என்பது மத்திய விதி. பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) வாங்குபவர்களுக்கு வாழ்நாள் வரம்பு 12 செமஸ்டர் அளவு. பாதியில் விட்ட செமஸ்டரும் அதில் ஒரு பங்கைத் தின்றிருக்கும்.

உடல்நிலையோ மனநிலையோ காரணம் என்றால் சாதாரண விலகலைப் படிவத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். மருத்துவ விடுப்பு என்று தனியாக உண்டு. கட்டணம், கிரேடு இரண்டிலும் அதன் விதிகள் பெரும்பாலும் இளகியவை. ஆனால் திரும்பி வரும்போது மருத்துவர் கடிதம் கேட்பார்கள்.

கம்யூனிட்டி காலேஜில் பெயரை வைத்துக்கொண்டு மூச்சு விடுவது

இதை "பிரேக்" என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். அம்மா வீட்டில் இருந்துகொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு, கட்டணம் நான்காண்டுக் கல்லூரியில் சிறு பங்கு. முழுசாக நின்றால் பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்று பயப்படும் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். பாதிநேரம் எடுத்தாலே கடன் கடிகாரம் நின்றுவிடும்.

சில மாநிலங்களில் இது வெறும் இளைப்பாறல் மட்டும் அல்ல, உள்ளே நுழையும் கதவே இதுதான். கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழக வளாகங்கள் டிரான்ஸ்ஃபர் எடுக்கும்போது அந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான் முன்னுரிமை. நான்காண்டுக் கல்லூரியில் தொடங்கியவரும் அந்த வரிசைக்குள் வரலாம்: அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ்களில் 30 செமஸ்டர் யூனிட்டாவது படித்திருக்க வேண்டும், சேர்வதற்கு முன் கடைசியாகப் படித்த கல்லூரி (கோடை வகுப்பு நீங்கலாக) கம்யூனிட்டி காலேஜாக இருக்க வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் 'டேக்' என்ற உத்தரவாத ஒப்பந்தம் தருகின்றன. கேட்ட பாடங்களை, கேட்ட மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் நிச்சயம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அதில் இல்லை. எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் ஒரு செமஸ்டர் கட்டணம் மிச்சமாகும். ஃபுளோரிடாவில் மாநிலக் கல்லூரியில் ஏ.ஏ. என்ற இரண்டாண்டுப் பட்டம் முடித்தால் 12 அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி. எந்த ஒன்று, எந்தத் துறை என்பதற்கு உறுதி கிடையாது. அதைப் படிக்காமல் நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "சும்மா ஒரு ஓவியப் பாடம்தானே, அதை விண்ணப்பத்தில் எதுக்குப் போடணும்" என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. போட்டே ஆக வேண்டும். கால் வைத்த எல்லாக் கல்லூரியையும் எழுதி, எல்லா மதிப்பெண் பட்டியலையும் அனுப்ப வேண்டும். கல்லூரிகள் தங்கள் மாணவர் பதிவுகளைத் தேசிய மாணவர் கிளியரிங்ஹவுஸுக்கு அனுப்புகின்றன. மறைத்தது வெளியே வந்தால் கிடைத்த இடமும் போகும். ஆகவே மனசில்லாமல் பாடம் எடுத்து 'டி' வாங்குவதைவிட, எடுக்காமலே இருப்பது நல்லது. பொதுவாக 'சி'க்குக் கீழே வாங்கிய கிரெடிட் டிரான்ஸ்ஃபரில் ஏறாது. ஏறிய பாடத்தின் மதிப்பெண்ணும் புதிய ஜிபிஏவில் சேராது; ஆனால் நாளைக்கு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பழையது எல்லாம் தோண்டியெடுத்துக் கூட்டப்படும்.

இடத்தை வாங்கிவிட்டு அப்புறம் நிற்பது

கேட்க அழகாக இருக்கும்: முதலில் சேர்க்கை, பிறகு ஓய்வு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருபவர்களுக்கு ஒரு வருஷம் தள்ளிவைக்கப் பல கல்லூரிகள் சம்மதிக்கும். டிரான்ஸ்ஃபரில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

விசாவில் இருப்பவர்களுக்கு இது வேறு கதை

இந்தப் பகுதியைத் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தனியாக எழுதுகிறேன். மேலே சொன்ன ஒப்பீடு குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்களுக்கு. எஃப்-1 விசாவில் வந்த மாணவருக்குத் தேர்வுகள் மிகக் குறைவு.

கோடை விடுமுறையைத் தவிர ஒரு செமஸ்டர் சும்மா அமெரிக்காவிலேயே இருக்க முடியாது. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியோடு விலகினால் நாட்டைவிட்டுக் கிளம்ப 15 நாள். சொல்லாமல் விலகினால் அந்த 15 நாளும் கிடையாது. ஐந்து மாதத்துக்கு மேல் படிப்பிலிருந்து விலகியிருந்தால் புதிய ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று), அதோடு சேர்ந்த 350 டாலர் செவிஸ் (அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம், தேவைப்பட்டால் புதிய விசா நேர்காணல். வளாகத்துக்கு வெளியே வேலை செய்யும் சிபிடி, ஓபிடி அனுமதிக்கு வேண்டிய ஒரு கல்வியாண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். செவிஸ் பதிவை ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், புதிய இடத்தில் ஐந்து மாதத்துக்குள் வகுப்பு தொடங்க வேண்டும். மே முதல் ஜனவரி எட்டு மாதம் என்று முன்பே எண்ணிப் பார்த்தோம். ஆகவே எஃப்-1 மாணவருக்கு என் ஆலோசனை சுருக்கம்: இடைவெளி வேண்டாம், கோடையிலேயே ஓய்வெடுத்து ஆகஸ்டில் மாறுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நோய் காரணமாக, உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது உளவியலாளரின் கடிதத்தோடு, ஒரு பட்டநிலையில் மொத்தம் 12 மாதம் வரை பாடத்தைக் குறைக்கவோ முழுசாக நிறுத்தவோ அனுமதி வாங்கலாம். அதைச் செய்துகொண்டு நாட்டிலேயே இருக்கலாம். முன்கூட்டியே வாங்க வேண்டும், பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். மன அழுத்தத்தோடு விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளாமல் விசாவையும் தொலைக்கிறார்கள்.

எச்-4 பிள்ளைகள், அதாவது எச்-1பி வேலை விசாவில் உள்ளவர்களைச் சார்ந்து வந்த பிள்ளைகள், இடையில் மாட்டிக்கொண்டவர்கள். பெற்றோரின் எச்-1பி இருக்கும்வரை படிக்காமல் வீட்டில் இருக்கலாம், விசாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வேலைக்குப் போக முடியாது. "ஒரு வருஷம் சம்பாதிச்சுட்டு வர்றேன்" என்ற திட்டம் அவர்களுக்குச் செல்லாது. 21 வயது நிறைந்த நாளில் எச்-4 முடிந்துவிடும். அந்தப் பிறந்தநாள் இடைவெளிக்குள் வந்தால், அதற்கு முன்பே எஃப்-1க்கு மாறியிருக்க வேண்டும்; எஃப்-1க்கு மாற ஒரு கல்லூரியின் ஐ-20 வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வயது 19, 20. கணக்கு எங்கே இடிக்கும் என்பது புரியும்.

புதிய கல்லூரி இடைவெளியை எப்படிப் பார்க்கும்

பெற்றோரின் பெரிய பயம் இதுதான், என் அனுபவத்தில் மிகச் சிறிய விஷயமும் இதுதான். இடைவெளி இருப்பதற்காக ஒதுக்குவதில்லை. ஏன் நின்றாய், நின்றபோது என்ன செய்தாய் என்று எழுதச் சொல்வார்கள், நேராக எழுதினால் போதும். இடைவெளியே நுழைவுச்சீட்டாகும் இடங்களும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனரல் ஸ்டடீஸ் பள்ளி, படிப்பில் ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளி விட்டவர்களுக்காகவே இளநிலைப் பட்டம் நடத்துகிறது. யேலின் ஈலை விட்னி திட்டம் ஐந்தாண்டு இடைவெளி கேட்கிறது. அதற்காக யாரும் நிற்க வேண்டாம், சொல்லிவைக்கிறேன்.

மதிப்பெண் சரிந்திருப்பவர்களுக்குத்தான் கேள்வி கடினம். இடைவெளி பழைய ஜிபிஏவை ஒரு புள்ளிகூட உயர்த்தாது. கடைசி செமஸ்டர் 2.1 என்று முடிந்து, பிறகு ஒரு வருஷம் வெறுமையாக இருந்தால், தேர்வுக்குழு பார்ப்பது அந்த 2.1 மட்டும்தான். சரிந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு, விண்ணப்பத்துக்கு முன், எங்கேயாவது ஒரு செமஸ்டர் நன்றாகப் படித்துக் காட்ட வேண்டும். இங்கேதான் கம்யூனிட்டி காலேஜ் கைகொடுக்கும். மாறாக 3.7 வைத்திருப்பவர், வெறும் களைப்பு, ஊர் பிடிக்கவில்லை என்றால், கவலையில்லாமல் விடுப்பு எடுக்கலாம். அவர் பட்டியல் அவருக்காகப் பேசும். மதிப்பெண் இன்னும் விழாத, ஆனால் இந்த செமஸ்டர் விழப்போகிறது என்று உள்ளுக்குள் தெரிந்த பிள்ளை, விழுவதற்கு முன் நிற்பதே மேல். வீட்டில் கேட்கப்படும் "இன்னும் ரெண்டு மாசம்தானே" என்ற வாக்கியத்தால் கெட்ட பட்டியல்கள் நிறைய.

வீட்டுக் கணக்கில் சில

படிப்பை நிறுத்தினால் மருத்துவக் காப்பீடு போய்விடும் என்று அக்கா பயந்தாள். பெற்றோரின் காப்பீட்டில் இருந்தால் 26 வயது வரை படித்தாலும் படிக்காவிட்டாலும் தொடரும். கல்லூரி வழியாக வாங்கிய காப்பீடுதான் விலகினால் நிற்கும். 529 என்ற வரிச்சலுகைக் கல்விச் சேமிப்பிலிருந்து கட்டிய கட்டணம் திரும்பி வந்தால், 60 நாளுக்குள் அதே கணக்கில் போட்டுவிட்டால் வரி, அபராதம் இல்லை.

இன்னொன்று, அக்கா பதிவாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து மூக்குடைபட்டாள். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் பதிவுகள் பிள்ளைக்கே உரியவை. கட்டணம் கட்டுவது நாமாக இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் அவன் கையெழுத்துப் போட்டு அனுமதித்தால்தான் பேசுவார்கள். கோபப்பட்டுப் பயனில்லை.

அவன் என்ன செய்தான்

மே வரை படித்து முடித்தான். பாதியில் விலகவில்லை, அவன் கேட்டான், நான்தான் நாட்காட்டியைக் காட்டினேன். கோடையில் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பாடம். அவனுடைய கல்லூரி விடுப்புக் காலத்தில்தான் வெளியே படிக்கக் கூடாது என்றது. கோடை அதற்குள் வரவில்லை. ஆகஸ்டிலிருந்து ஓராண்டு விடுப்பு. சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான், ஒன்பது மணி நேரம் தூங்கினான், இரண்டு கிலோ எடை கூடினான். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஜனவரியிலும் டிரான்ஸ்ஃபர் எடுக்கும் என்பதால் செப்டம்பரில் விண்ணப்பித்தான்.

இரண்டு இடத்தில் அடிபட்டோம். பழைய கல்லூரியில் கட்டாமல் விட்ட ஒரு பார்க்கிங் அபராதத்துக்காக மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைத்திருந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை, விண்ணப்பம் முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது. அடுத்தது பாடத்திட்டத் தாள்கள். ஒரு மின்சுற்றுப் பாடத்தை ஏற்பதற்குப் புதிய இடம் அதன் சிலபஸைக் கேட்டது. அது பழைய கல்லூரியின் தளத்தில் இருந்தது. விடுப்பில் போனதும் அவனுடைய நுழைவு அங்கே மூடப்பட்டிருந்தது. பேராசிரியர் பதில் போட ஆறு வாரம் ஆனது. அதற்குள் அந்தப் பாடம் எலெக்டிவ் மூட்டைக்குப் போய்விட்டது, மேல்முறையீடு செய்து மீட்டோம். ஆகவே, நிற்பதற்கு முன் எல்லா சிலபஸையும் கணினியில் இறக்கி வையுங்கள், எல்லா பாக்கியையும் கட்டிவிடுங்கள், பரிந்துரை தருவதாகச் சொன்ன பேராசிரியரிடம் அவர் முகம் மறக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

நவம்பரில் இடம் கிடைத்தது. அன்றைக்கே பழைய கல்லூரிக்கு விலகல் கடிதம் அனுப்பச் சொன்னாள் அக்கா. நான் வேண்டாம் என்றேன். ஜனவரியில் புதிய இடத்தில் பாடப் பதிவு முடிந்து, கிரெடிட் கணக்கு எழுத்தில் வந்து, முதல் வாரம் வகுப்புக்கும் போய் வந்தபின், வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கடிதத்தை அனுப்பினான். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, இரண்டே வரி. அதை எனக்கு அனுப்பி, கீழே "இப்ப தூங்கப் போறேன் சித்தி" என்று எழுதியிருந்தான்.